நாப்கின் மேசை

நவம்பர் 21, 2018

திருச்சியிலிருந்து வேதாரண்யம் பக்கம் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கஜா புயல் கரையேறி ஐந்து நாளாகியும் கரண்ட் இல்லை. வழியெல்லாம் தென்னைகள் வேரோடு கிடக்கின்றன. பள்ளிக்கூட முகாமில் ‘பெண்கள் ஆலோசனை’ என்று அட்டையில் எழுதி மேசை போட்டேன். ஒருத்தியும் வரவில்லை. எப்படி வருவாள்? எதிர் வராந்தாவில் வீட்டுக்காரர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நவம்பர் 22

அட்டையைக் கிழித்துப் போட்டேன். நாப்கின் பெட்டிகளைச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய், கொடுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நாப்கின் என்றால் ஆம்பளைகள் இருபதடி தள்ளித்தான் நிற்பார்கள்.

முப்பது வயதிருக்கும் ஒரு பெண், பாக்கெட்டை வாங்கிய பிறகும் போகவில்லை. முந்தானையால் இடது மணிக்கட்டை மூடியிருந்தாள். “புயல்ல ஓடு விழுந்துச்சுக்கா.” நான் எதுவும் கேட்கவில்லையே! “நாளைக்குப் பெட்டி பிரிக்க ஆள் வேணும், வர்றியா?” என்று மட்டும் கேட்டேன்.

(பெயர், ஊர் எழுத மாட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.)

நவம்பர் 23

இன்று கார்த்திகை தீபம். வகுப்பறை வாசலில் யாரோ இரண்டு அகல் ஏற்றியிருந்தார்கள்.

அவள் வந்தாள். ஓடு விழவில்லையாம். புயலுக்கு முன்பும் அடிதான். ஆனால் புருஷன் குரல் ஏறினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தாச்சி திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கே வந்து கை ஓங்க மாட்டான். இப்போது திண்ணையும் இல்லை, அத்தாச்சியும் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

“தோப்பு போன வேதனைல இருக்கான், விடும்மா” என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அத்தனை வேதனையிலும் அவன் தாசில்தாரை அடிக்கவில்லையே.

நவம்பர் 27

கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. இருட்டியபின் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. யாரோ செல்போன் லைட்டை அடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறானாம். நான்கு தாழ்ப்பாள், இரண்டு சோலார் விளக்கு. ஒரு மணி நேர வேலை, பத்து நாளாக யாருக்கும் தோன்றவில்லை.

மாலையில் கல்லூரித் தன்னார்வலர்களிடம் பேசினேன். பலாத்காரம் நடந்ததாக ஒரு பெண் சொன்னால், அவள் சம்மதித்தால் உடனே ஆஸ்பத்திரி. எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத்தடை மாத்திரையும் தள்ளிப்போடக் கூடாது. உடுத்தியிருந்த துணியைக் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். பதினெட்டு வயதுக்குள் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். அதனால் “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

“அப்புறம் எப்படிக்கா நம்புவாங்க?” என்றாள் ஒரு மாணவி. சொல்ல வருகிற பெண் வாய் திறப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடு என்றேன். மனசுக்குச் சமாதானமில்லைதான்.

டிசம்பர் 3

விழுந்த தென்னைக்கு நிவாரணம் 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. பெட்டி பிரிக்க வந்தவளின் தோப்புப் பட்டா புருஷன் பேரில், பணமும் அவன் கணக்குக்கு. தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் இவள்.

ஸ்டேஷனுக்குப் போனோம். “ஊரே இப்படிக் கிடக்கு, இந்த நேரத்துல இதுவாம்மா?” திரும்பி வரும்போது 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தைச் சொன்னேன். ஸ்டேஷனையே நம்பியிருக்க வேண்டாம். இதற்கென்றே இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலம் கோர்ட்டில் மனுப் போடலாம், வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வர வேண்டும். வீடு யார் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு.

“கூரையே இல்லாத வீட்ல என்னக்கா உரிமை?” என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

டிசம்பர் 10

சென்னையில் பெண்களுக்கான 181 உதவி எண்ணைத் தொடங்கி வைத்திருக்கிறார்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவன் கையில் சிக்கும். மூன்று இலக்கம்தானே, மனப்பாடம் செய்துகொண்டாள்.

மனு இப்போது வேண்டாமாம், பொங்கல் கழியட்டும் என்கிறாள். எனக்கு உடன்பாடில்லை, முடிவு அவளுடையது. தன் பேரில் பேங்க் கணக்குத் தொடங்கியிருக்கிறாள். பாஸ்புக், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கல்யாணப் போட்டோ மூன்றையும் நாப்கின் பாக்கெட்டுக்குள் செருகி மடித்தாள்.

“இதுல மட்டும் அவரு கை வைக்க மாட்டாருக்கா.”