மேஜரும் பெரியப்பாவும்

ஜூன் 4

வெயில் பொறுக்காமல் மதுரை நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். கையில் கிடைத்தது அகதா கிறிஸ்டியின் 'எ கரீபியன் மிஸ்டரி'. 1964-ல் வந்த நாவல்.

நிமோனியாவில் படுத்து எழுந்த துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளை, மகன் முறையுள்ள ரேமண்ட் தன் செலவில் மேற்கிந்தியத் தீவு ஒன்றின் ஓட்டலுக்கு அனுப்பிவைக்கிறார். அங்கே தங்க வந்திருக்கும் மேஜர் பால்கிரேவ் ஓயாத பேச்சுக்காரர். கென்யாவில் ஆரம்பித்தால் முடிக்க மாட்டார். பாட்டி பின்னல் ஊசியை ஓட்டியபடி 'உம்' கொட்டுகிறாள், மனசு வேறெங்கோ. திடீரென்று "ஒரு கொலைகாரனின் போட்டோ பார்க்கிறீர்களா?" என்று பர்ஸைத் திறந்தவர், அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்ததும் முகம் சிவந்து, போட்டோவை உள்ளே திணித்து, சத்தமாக வேறு கதைக்குத் தாவிவிடுகிறார். மறுநாள் காலையில் பிணம்.

ஜூன் 6

முடித்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று சொல்ல மாட்டேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

மார்ப்பிளிடம் போலீஸ் இல்லை, அதிகாரம் இல்லை. அந்தப் போட்டோவைத் தேட, மேஜரிடம் தன் வீட்டுப் பிள்ளையின் படம் மாட்டிக்கொண்டதாக டாக்டரிடம் ஒரு பொய் சொல்கிறாள். மற்றபடி அவளுக்கு இருப்பது அரைக்காதில் வாங்கிய ஒரு கதைதான். சரியாகக் கேட்டிருக்கலாமே என்று அவள் தவிக்கும் இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

ஜூன் 8

பெரியப்பா வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். அதே 1964, டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோன கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் நூறு தடவை கேட்டிருப்போம். அப்போது அவர் மண்டபத்தில் ஒரு டீக்கடையில் வேலை பார்த்தார். வழக்கம்போல ஆரம்பித்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் கடையைச் சாத்திட்டு..."

ரெண்டு பேர். எத்தனையோ தடவை காதில் விழுந்த வார்த்தை.

"இன்னொருத்தர் யாரு பெரியப்பா?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"என் சேக்காளி தாயி. தனுஷ்கோடிக்காரன். ஆத்தாளைப் பாத்துட்டு வந்துர்றேன்னு அந்த ரயில்லதான் போனான்."

அப்புறம் பெரியம்மாவைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பெரியம்மா அப்படியே நின்றார். அவருக்கும் இது தெரியாது.