காப்பி ஸ்டவுட்டுக்குச் சுக்குமல்லி

கோபிசெட்டிபாளையத்துக்கு லீவில் வந்து திரும்பும்போது என் பெட்டியில் இரண்டு பொட்டலம் கட்டாயம் இருக்கும். ஒன்று சிக்கரி சேர்க்காத, வறுத்த பீபெரி (ஒற்றை விதை) காப்பிக்கொட்டை. இன்னொன்று அம்மா இடித்துத் தரும் சுக்குமல்லிப் பொடி. இந்த முறை மல்லியையும் சுக்கையும் இடிக்காமல் முழுசாகவே கேட்டேன்.

"எதுக்குக் கண்ணு முழுசா?"

நான் வீட்டில் காய்ச்சும் பீருக்கு என்றதும் திண்ணையில் சாய்ந்திருந்த அப்பாரு (தாத்தா) எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தின் ஹில்ஸ்பரோ. அங்கே போன முதல் மார்கழியை மறக்க முடியாது. நாலரை மணிக்கே இருட்டிவிடும், மழை விடவே விடாது. வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை. அப்படி ஒரு சனிக்கிழமைதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜுக்குக் கூப்பிட்டார். பெரிய பாத்திரத்தில் பீருக்கான மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கொதித்துக்கொண்டிருந்தது. ஊரில் பொரிமாவு வறுக்கும்போது வருமே, அந்த வாசம். போலீஸ் பிடிக்காதா என்றுதான் முதலில் கேட்டேன். 1987 முதல் கள்ளுக்கே தடை இருக்கிற ஊரிலிருந்து போனவனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டத்தைப் பற்றி அவர் சொன்னார். வீட்டில் வயதுவந்தவர் ஒரே ஒருவர் என்றால் வருடத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ என்றால் 200 காலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவரிடம் கற்றுக்கொண்டு நானே முதல்முறை காய்ச்சியது ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர். 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர். காப்பி மணம் வேண்டும் என்று கடையில் ஹேசல்நட் வாசனை சேர்த்த காப்பித்தூள் வாங்கி, கொதிக்கிற மால்ட் சாற்றிலேயே கொட்டினேன். இரண்டுமே தப்பு. கொதியில் போட்டால் காப்பியின் கசப்பும் துவர்ப்பும் முழுக்க இறங்கிவிடும். வாசனை சேர்த்த காப்பியில் வேறு சிக்கல். கொட்டையை வறுத்த பிறகு வாசனைத் திரவத்தை அதன்மேல் பூசுகிறார்கள். அதில் எண்ணெய் இருந்தால் பீரின் நுரை நிற்காது. பாலும் சர்க்கரையும் சேர்த்த காப்பியில் ஹேசல்நட் நன்றாகத்தான் இருக்கும். பீரில் மால்ட்டின் இனிப்பில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடுவதால், வாசனை மட்டும் தனியாக சென்ட் மாதிரி நிற்கும். ஐம்பது பாட்டிலையும் தொட்டியில் ஊற்றினேன். அன்றைக்கு உண்மையிலேயே மனசு கனத்துப்போயிற்று.

அதற்கப்புறம் வாசனையைத் தனியாகவும் காப்பியைத் தனியாகவும் சேர்க்க ஆரம்பித்தேன். நம்மூர்க் கொட்டையில் 115 கிராம் எடுத்துக் கொரகொரப்பாக அரைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து வடிகட்டுவேன். பாட்டிலில் அடைக்கும் அன்றுதான் அது பீரில் சேரும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் காப்பி மணம் மாறி, சில சமயம் குடைமிளகாய் வாசம் வந்துவிடுகிறது. அதனால் சீக்கிரம் குடித்து முடிப்பதே நல்லது.

வாசனைக்குச் சுக்குமல்லி. பெல்ஜியத்துக்காரர்கள் கோதுமை பீரில் கொத்துமல்லி விதை போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோதுதான் எனக்கு அந்த எண்ணமே வந்தது. 15 கிராம் மல்லியை லேசாக நசுக்கி, ஒரு துண்டு சுக்கைத் தட்டி, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போடுவேன். பொடியாகப் போட்டால் அடியில் கசடு தங்கும். முழுசாகக் கேட்டதற்குக் காரணம் அதுதான். பாட்டிலில் காஸ் ஏறுவதற்குக் கொஞ்சம் கருப்பட்டிப் பாகு சேர்ப்பேன். அதை மட்டும் எடை போட்டுத்தான் சேர்க்க வேண்டும். கூடிப்போனால் பாட்டில் வெடித்துவிடும்.

எல்லாவற்றையும் கேட்ட அப்பாரு, "அந்த ஈஸ்ட்டு எங்கிருந்து வருது சாமி?" என்றார்.

"சின்ன பாக்கெட்டுல விக்கறாங்க அப்பாரு."

"காத்துல இருக்கறதுக்கா காசு குடுக்கறீங்க? கலயத்துல சுண்ணாம்பு தடவுனா தெளுவு, தடவாட்டிக் கள்ளு. நாங்க என்னத்தப் போட்டோம்?"

அது சரிதான். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது, அதனால் தெளுவு, அதாவது பதநீர், இனிப்பாகவே இருக்கிறது. காற்றில் வருவதை நம்பி விட்டால் என் பீர் புளித்துவிடும் என்றேன். "அதுக்குத்தான் கள்ளைப் பொழுதேற முன்னாடியே குடிச்சிருவோம்" என்றார். இரண்டு வாரம் நொதிக்கவிட்டு, பாட்டிலில் இன்னும் இரண்டு வாரம் வைக்கிற சங்கதியை அவரால் ஏற்கவே முடியவில்லை.

போன தை மாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த வாசத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். மூன்று முறை சொல்லிப் பார்த்து, தன் பாட்டில் மூடியில் அவருடைய எழுத்தில் எழுதிக்கொண்டார். இப்போது தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் "சுக்குமல்லி எப்ப?" என்று கேட்கிறார்கள்.

அம்மா இரண்டு படி மல்லியைப் புடைத்து, வெயிலில் காயவைத்திருக்கிறார்.