போர்வெல் தண்ணீரைக் குடிக்கும் முன்

தர்மபுரிப் பக்கம் எத்தனையோ ஊர்களில் பல் பழுப்பேறியது பழைய தவறால்தான். ஏரி, கிணறு வற்ற வற்றப் பாறைக்குள் ஆழமாக போர் இறக்கி, அதையே குடித்தோம். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு என்ற உப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் பல் கெடும், கூடக்கூட எலும்பும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது.

இப்போது குழாயில் இரண்டு நாள் வராவிட்டால் மறுபடி போர் தண்ணீர்தான் குடத்தில்! பதறுகிறது.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் பிடிக்காது, ஆர்.ஓ. குறைக்கும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் (கண்ணாடி வேண்டாம்) உங்கள் போர் தண்ணீரை ஒரு லிட்டர் பிடித்து குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள் முதலில். ஈறுக்குள் நிலைப்பல் உருவாகிற வயது அது.