தனிச்சொல் சிக்கிருச்சு! – தர்மபுரி லைப்ரரி கோஷ்டி வெண்பா அப்டேட்

தனிச்சொல், அதாவது ரெண்டாவது அடி கடைசியில கோட்டுக்கு அப்புறம் நிக்கிற சொல்லு, கிடைக்காம பல நாளா இழுத்துக்கிட்டே கிடந்த தொப்பூர் வெண்பா நேத்து சாயங்காலம் முடிஞ்சுது மக்களே. முதல்ல அதைப் போட்டுடறேன், புலம்பல் எல்லாம் அப்புறம்.

தொப்பூர் மலையில் குடைசாய்ந்த லாரியால்
எப்போதோ சேலத்தைச் சேர்ந்தேனே – அப்பாடா
கேட்டிழுத்துப் பூட்டிவிட்டார் கேள்விக்குத் தப்பித்தேன்
ரோட்டோரம் போண்டாவும் டீ.

அசை பிரிச்சு அலகிட்டுப் பார்த்துக்கோங்க, ஒரு இடத்துலயும் தளை (சீருக்குச் சீர் இருக்கிற இணைப்பு) தட்டாது. ஈற்றுச்சீர் (கடைசிச் சீர்) 'டீ', ஒரே ஒரு நேரசை, அதுக்கு வாய்பாட்டுப் பேரு 'நாள்'. இதைவிடச் சின்னதா ஒரு வெண்பாவை எவனாவது முடிச்சா சொல்லுங்க, நான் வந்து டீ வாங்கித் தர்றேன். ஒருத்தர் அதுக்குள்ள, போண்டாவுக்கு 'உம்' இருக்கு டீக்கு எங்கன்னு கேட்டாச்சு. டீயும்னு போட்டா ரெண்டு அசை, தேமா ஆயிடும் சார், ஈற்றுச்சீர் காலி, அதனால டீயை உம் இல்லாமத்தான் குடிக்கணும்.

கதை என்னோடது இல்லை. நாங்க ஒரு கோஷ்டி லைப்ரரியில குரூப் 4-க்குப் படிக்கிறோம், காலையில போனா சாயங்காலம் வரைக்கும், நடுவுல டீக்கடை. அதுல ஒருத்தனுக்கு ஒரு பரீட்சைக்கு சேலம் சென்டர் விழுந்துச்சு, விடியக்காலை பஸ் ஏறியும் தொப்பூர் கணவாயில லாரி கவிழ்ந்து டிராபிக் நின்னு போச்சு. தர்மபுரிக்காரனுக்கு இது புதுசா என்ன, அந்த இறக்கத்துல லாரி கவிழாத மாசம் எது. அடிச்சுப் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தா கண்ணு முன்னாடியே கேட்டைச் சாத்துறாங்க.

அவன் இதை எங்களுக்குச் சொன்னது ஒரு ரிசல்ட் வந்த அன்னைக்கு. எங்க கோஷ்டியில ஒருத்தர் நம்பர் கூட லிஸ்ட்ல இல்லை. டீக்கடை பெஞ்சுல ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம், யாரும் யார் மூஞ்சியையும் பார்க்கல, வீட்டுக்குப் போன் பண்ணணும்கிற நினைப்புலயே டீ ஆறிப்போச்சு. அப்ப இவன் மட்டும் போண்டாவைப் பிட்டுக்கிட்டே, "நீங்கல்லாம் மூணு மணி நேரம் எழுதித் தோத்தீங்க, நான் கேட்டுக்கு வெளியவே நின்னு தோத்தவன்டா, எனக்கு பேனா மை மிச்சம்"னான். அவ்வளவுதான், டீக்கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரிச்சு அடங்கவே நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தோத்த கதையை எடுத்து விட ஆரம்பிச்சாங்க. எனக்கு அன்னைலருந்து சரக்குப் பஞ்சமே இல்லை. யார் கதை சொன்னாலும் அதுக்கு ஒரு வெண்பா, இதான் இப்ப எங்க கோஷ்டி சட்டம்.

சரி தனிச்சொல் விஷயத்துக்கு வர்றேன், இதைப் பத்தித்தான் பேசணும்னு வந்தேன். முதல் அடியில தொப்பூர், ரெண்டாவது அடியில எப்போதோ, ஆகத் தனிச்சொல்லுக்கும் 'ப்ப' எதுகை (ரெண்டாம் எழுத்து ஒத்துப் போறது) வேணும். கிடைக்காம இல்லை, கொட்டிக் கிடக்கு. தப்பாமல், இப்போது, செப்பிடுவேன், அப்புறம். எல்லாமே தளைக்குச் சரி, எல்லாமே அசடு. கோடு போட்டு அதுக்குப் பக்கத்துல 'செப்பிடுவேன்'னு வெச்சா யாருக்குடா செப்புறே? தனிச்சொல்லை எடுத்துட்டுப் படிச்சாலும் அர்த்தம் கெடலைன்னா அது அடைப்புச் சொல்லு, அவ்வளவுதான் என் அளவுகோல். நிறைய பேர் வெண்பா இந்த ஒரு இடத்துலதான் சாகுது, பேர் சொல்லல, போட்டிகள்ல பரிசு வாங்கினதுலயே பார்த்திருக்கேன். ஏழு சீரும் ஜம்முனு ஓடி வந்து, அங்க மட்டும் 'தப்பாமல்'னு ஒரு முட்டு.

ஒரு கட்டத்துல 'சப்பாத்தி' வரைக்கும் போயிட்டேன். சேலத்துல சப்பாத்தி சாப்பிட்டான்னு மாத்திடலாமான்னு கேட்டதுக்கு, கதைக்காரன் ஒத்துக்கவே இல்லை, "நான் போண்டாதான் தின்னேன், வரலாற்றை மாத்தாதே"ன்னுட்டான்.

வழி கிடைச்சது புத்தகத்துல இல்லை. கோஷ்டிக்குப் புதுசா ஒரு தங்கச்சி வந்துச்சு, அதுக்காக அவன் மறுபடியும் கதையை ஆரம்பத்துலருந்து சொன்னான், நான் இந்தத் தடவை காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். சேலம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினப்ப "அப்பாடா"ங்கிறான். கேட் சாத்தினதைச் சொல்லி முடிச்சுட்டு ஒரு நிமிஷம் கம்முனு இருந்துட்டு மறுபடியும் "அப்பாடா"ங்கிறான்! சத்தியமா எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஒரே சொல்லு, மேல இருக்கிற சேலத்தோடயும் ஒட்டுது, கீழ இருக்கிற கேட்டோடயும் ஒட்டுது, தேமாங்காய், முன்னாடி காய்ச்சீர், பின்னாடி நேரசை, எதுகை கச்சிதம். அப்படியே லைப்ரரியில கத்திட்டேன், புரூஃப் பார்க்கிற மாதிரி பேப்பர் படிக்கிற ஒரு பெரியவர் முறைச்சார்.

கருவி பத்திக் கொஞ்சம். நான் எழுதுறது கட்டம் போட்ட கணக்கு நோட்டுல. ஒரு கட்டத்துக்கு ஒரு அசை, நிரைன்னா ('மலை' மாதிரி) பென்சில்ல லேசா இழைச்சு விடுவேன், நேர்னா ('டீ' மாதிரி) காலி. சீர் முடியுற இடத்துல செங்குத்தா கோடு. இப்படிப் போட்டா தளை தட்டுறது கண்ணுலயே தெரியும், தேமா, புளிமான்னு மா-வுல முடியுற சீருக்கு அடுத்து நிரைதான் வரணும், அந்தக் கட்டம் வெள்ளையா இருந்தா உடனே மாட்டிக்கும். ஆனா பெரிய கட்ட நோட்டு இதுக்கு ஆகாது, ஒரு அடி பக்கத்துக்குள்ள அடங்காது, சின்னக் கட்டம்தான் வேணும். பஸ் ஸ்டாண்டு பக்கம் வழக்கமா வாங்குற கடையில சின்னக் கட்டம் வர்றதே இல்லையாம், பசங்க கேக்குறதில்லையாம். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில இருக்குன்னு கேள்விப்பட்டேன், அந்தப் பக்கம் போறவங்க ஒரு நாலு நோட்டு வாங்கிட்டு வாங்க, காசு குடுத்துடறேன். கம்ப்யூட்டர்ல சரிபார்க்கிறதுக்கு அவலோகிதம்னு ஒரு மென்பொருள் இருக்கு, அசை பிரிச்சு, சீர், தளை, தொடை எல்லாம் காட்டும். நல்ல சாமான், குறை சொல்லல. ஆனா 'செப்பிடுவேன்' போட்டப்பயும் அது வெண்பான்னுதான் சொல்லுச்சு. அசட்டைக் கண்டுபிடிக்க மனுஷன்தான் வேணும்.

நடுவுல ஒரு குறள் வெண்பாவும் தேறிச்சு. காவேரிப்பட்டணத்துக்காரன் ஒருத்தன், ஒரே கேள்வியில வேலை போச்சு. குரூப் 4-ல 200 கேள்வி 300 மார்க், அப்ப ஒரு கேள்விக்கு ஒன்றரை, கட்ஆஃப்புக்கு அந்த ஒன்றரைதான் இடிச்சுது. அவன் தப்பா அடிச்சதுல ஒண்ணு எது தெரியுமா, 'நேர் நிரை'க்கு வாய்பாடு. புளிமான்னு அடிச்சுட்டு வந்திருக்கான். கூவிளம்டா பாவி! இப்ப அவன் பேரே புளிமா. அவன் செந்தூரா மாம்பழமாத் தின்னு துக்கத்தைத் தீர்த்ததுக்கு எழுதினது:

ஒன்றரை மார்க்கில் ஒருவேலை போச்சென்று
தின்றானாம் செந்தூரா நாலு.

முதல் சீரைக் கவனிச்சீங்களா, ஒன்-றரை, நேர் நிரை, கூவிளம். வேணும்னேதான். அவனுக்கு இது புரிய கொஞ்ச நேரம் ஆச்சு, புரிஞ்சதும் நோட்டாலயே அடிச்சான். அதோட, நான் தின்னது நாலு இல்லை ஆறுன்னு சண்டை. ஆறுன்னாலும் காசு வாய்பாடுதான், ஆனா 'செந்தூரா ஆறு'ன்னு ரெண்டு ஆ-வும் முட்டிக்குது, ஓசை நல்லால்ல, ரெண்டு பழத்தைக் கவிதைக்காக விட்டுக் குடுக்கச் சொல்லிட்டேன். மாங்கா சீசன்ல இவன் வீட்டுலருந்து பை பையா வரும், அதனால ரொம்பப் பகைச்சுக்கவும் முடியாது.

கேட்டுக்கு வெளிய நிக்கிறது நம்மூருக்குப் புதுசும் இல்லைங்க. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் குடுக்க இழுத்தடிச்சப்ப ஔவை இதே தகடூர் (நம்ம தர்மபுரியோட பழைய பேரு) மன்னன் வாசல்ல காவல்காரனைப் பார்த்து வாங்கு வாங்குன்னு வாங்குது, புறநானூறு 206. உலகத்துல அறிவும் புகழும் உள்ளவங்க செத்தா போயிட்டாங்க, கைத்தொழில் தெரிஞ்ச தச்சன் பசங்க கோடாலியோட எந்தக் காட்டுக்குப் போனாலும் மரம் கிடைக்கும், அப்படித்தான் நாங்களும், 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே'ன்னு. இத்தனை படிச்சும் இதை ரெண்டு மார்க் கேள்வியாத்தான் பார்த்துக்கிட்டு இருந்தோம். எங்க வாட்ஸ்ஆப் குரூப் பேரு இப்ப 'அத்திசைச் சோறே'. கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க "இன்னும் படிச்சுட்டுத்தான் இருக்கியா"ன்னு கேட்டா பதிலும் அதேதான், பந்தியைக் கை காட்டிக்கிட்டே சொல்லணும்.

அடுத்த திட்டமும் ஔவைதான். தொண்டைமான் ஆயுதமெல்லாம் நெய் பூசி மயில்பீலி கட்டி மினுமினுன்னு வீட்டுல இருக்கு, எங்க அதியமான் வேல் குத்திக் குத்தி முனை உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு புகழ்ற மாதிரி கலாய்ச்ச புறநானூறு 95-ஆம் பாட்டு. அதை அப்படியே கைடுக்கு மாத்தலாம்னு இருக்கேன், கோச்சிங் சென்டர் பசங்க கைடு பிளாஸ்டிக் அட்டையோட பளபளன்னு, எங்களோடது பைண்டிங் கடையில. எழுத்து எண்ணிப் பாடுற கட்டளைக் கலித்துறையில பண்ணணும். நேர்ல ஆரம்பிச்சா அடிக்குப் 16 எழுத்து, நிரைன்னா 17, ஒற்றெழுத்தை (புள்ளி வெச்ச எழுத்தை) கழிச்சு எண்ணணும், அதுக்கும் இந்தக் கட்ட நோட்டு தோதா இருக்கும். ஆடிப்பெருக்குக்குள்ள எல்லாத்தையும் ஜெராக்ஸ் போட்டு பின் அடிச்சு, ஒகேனக்கல் போறப்ப பரிசல் வரிசையில நிக்கிறவங்களுக்குக் குடுக்கலாம்னு புளிமா சொல்றான். முதல்ல ஜெராக்ஸ் காசை அவன் குடுக்கட்டும்.

இதெல்லாம் இருக்க, கையில இருக்கிறது முடியல. கோஷ்டியில ஒரு அக்கா, ரெண்டு பிள்ளைங்க, வீட்டுல புளி வாங்கிட்டு வந்து தட்டிக் கொட்டை எடுத்துக் குடுத்துக் கூலி வாங்குவாங்க. அந்த ரிசல்ட்டுக்கப்புறம் லைப்ரரி பக்கமே வரல, வாட்ஸ்ஆப்லயும் பேச்சு இல்லை. குரூப்ல செந்தூரா குறளைப் போட்ட அன்னைக்கு ராத்திரி மெசேஜ், "என் கதைக்கு எங்கடா தம்பி பாட்டு?" மறுநாள் வந்து உட்கார்ந்துட்டாங்க, கை விரல் இடுக்கெல்லாம் புளிக்கறை. அவங்க கதை இன்னும் முழுசா சொல்லல, காலையில களி கிண்டிக்கிட்டே ஒரு கையில நோட்டு வெச்சுக் கணக்குப் போட்டது, களி அடிப்பிடிச்சது, மாமியார் அதையும் ஒண்ணும் சொல்லாம தின்னது வரைக்கும் வந்திருக்கு.

களிகிண்டும் கையால் கணக்கெழுதும் அக்கா
துளிதூங்கிப் பாடம் தொடங்கும் – 

இங்க நிக்குது. முதல் அடியில மோனை பார்த்தீங்களா, களி, கை, கணக்கு. தனிச்சொல்லுக்கு நான் 'வெளியே'ன்னு வெச்சிருந்தேன், அக்கா பார்த்துட்டு, "வெளிய என்ன இருக்கு, நாயா? 'புளிதட்டி'ன்னு போடு"ன்னாங்க. பொட்டுல அடிச்ச மாதிரி பொருந்துது, புளிமாங்காய் வேற, புளிக்காரங்களுக்குப் புளிமாங்காய்! ஆக மூணாம் அடி நேர்ல தொடங்கணும், கூலியைப் பத்தி வரணும்.

ஈற்றுச்சீர் மட்டும் தகராறு. அக்காவுக்கு 'பாஸ்'னு முடியணுமாம், நாள் வாய்பாடு சரியா இருக்குல்லன்னு எனக்கே பாடம் எடுக்குறாங்க. ரிசல்ட் வராம எப்படிக்கா எழுதுறதுன்னேன். "அது உன் பிரச்சனை இல்லை, நீ மூணாவது அடியை முடி"ன்னுட்டுப் படிக்கப் போயிட்டாங்க. பாஸுக்கு முன்னாடி காய்ச்சீரோ விளச்சீரோ வரணும், கையில இருக்கிறவங்க சொல்லுங்க.