மலைநாட்டுக்கு விரைந்து: ஒரு நாட்குறிப்பு

2023 ஜூலை 16, ஞாயிறு, கிருஷ்ணகிரி

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை லிஸ்பன் செல்லும் எங்களைப் பீடத்துக்கு முன்னால் அழைத்து ஆசீர்வதித்தார். கூழ் ஆலைக்குப் பெங்களூரா மாம்பழ வரத்து குறைந்துவிட்டதால்தான் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு விடுப்பே கிடைத்தது. கத்தோலிக்க இளைஞர்கள் உலகெங்கிலுமிருந்து திருத்தந்தையோடு கூடும் உலக இளையோர் நாள் இம்முறை போர்த்துகலின் லிஸ்பனில்; உண்மையில் 2022-இல் நடந்திருக்க வேண்டும். கொரோனாவால் ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று. அப்போது நடந்திருந்தால் என்னிடம் பாஸ்போர்ட்டே இருந்திருக்காது.

எனக்குக் கத்தோலிக்க விசுவாசம் என்பது ரேஷன் அட்டையில் பெயர் இருப்பதைப் போன்றது. பிறந்ததும் சேர்த்துவிட்டார்கள், நீக்கக் காரணம் எதுவும் வரவில்லை. பாடகர் குழுவில் பாடுகிறேன், திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிறேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆயா மட்டும், "கோடி அற்புதர் அந்தோணியார் பிறந்த ஊர் அது. போய் என் மூட்டுவலியைச் சொல்லிவிட்டு வா" என்றார்.

ஜூலை 31, திங்கள், பாத்திமா

1917-இல் லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்ற மூன்று சிறார்களுக்கு மாதா காட்சி தந்த இடம். ஆடு மேய்த்த பிள்ளைகள். எங்கள் பக்கத்துக் கரடுகளில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளிடம் யார் போய்க் காட்சி பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்சிச் சிற்றாலயத்தை நோக்கி ஒரு வழுவழுப்பான கல்பாதை. அதில் முழந்தாளிலேயே நகர்ந்து போகிறார்கள். ஒருவர் முழங்காலில் துணி சுற்றியிருந்தார், தோளில் குழந்தை. பக்கத்தில் மெழுகால் செய்த கை, கால், இதயம், மார்பகம் எல்லாம் விற்கிறார்கள். வாங்கி நெருப்பில் போடுகிறார்கள். கொழுப்பு உருகும் நாற்றமும் கரும்புகையும். வேளாங்கண்ணியில் கை, கால் உருவங்களைக் காணிக்கை வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. புதுமை என்னவென்றால், ஐரோப்பியர்கள் இதைச் செய்தார்கள் என்பதுதான். நம் பக்தியைப் 'பாமரம்' என்று சொல்லித்தந்த படித்தவர்களை இங்கே ஒரு நாள் கூட்டி வர வேண்டும்.

ஆயாவுக்காக ஒரு மெழுகு முழங்கால் வாங்கிப் போட்டேன்.

ஆகஸ்ட் 2, புதன், லிஸ்பன்

நேற்றுத் தொடக்கத் திருப்பலி, எட்வர்டு ஏழாம் பூங்காவில். இன்று திருத்தந்தை பிரான்சிஸ் வந்து இறங்கினார். நாங்கள் இருவர் கூட்டத்திலிருந்து கழன்று அந்தோணியார் கோவிலுக்குப் போனோம். 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டியெழுப்பிய கோவில் இது. படியிறங்கிப் போனால் நிலவறை. அவர் பிறந்த வீடு இருந்த இடமாக அதைத்தான் போற்றுகிறார்கள். 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இங்கே வந்து செபித்தார். நான் மூட்டுவலியைச் சொன்னேன். பதுவை அந்தோணியார் என்று உலகம் சொல்கிறது. பதுவை இத்தாலியில் இருக்கிறது. லிஸ்பன்காரர்களுக்கு இதில் தீராத வருத்தம்!

மாலையில் ஒரு பிரெஞ்சுப் பெண் மணிப்பூர் கலவரம் பற்றிக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். இரவுச் செபத்தில் அவர்கள் குழு மணிப்பூருக்காகத் தனியாக மன்றாடியது.

ஆகஸ்ட் 4, வெள்ளி, பெலேம்

தேஜோ ஆற்றின் கரை. 1541 ஏப்ரல் 7 அன்று சவேரியார் இந்தியாவுக்குக் கப்பலேறியது இந்தக் கரையிலிருந்துதான். இதே நகரத்தில் பிறந்து, 1673-இல் கப்பலேறி, காவியுடுத்தித் தமிழ் பேசி, 1693-இல் ஓரியூரில் தலைவெட்டுப்பட்டவர் அருளானந்தர். மறைக்கல்வி வகுப்பில் இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆறு இவ்வளவு அகலம் என்று அப்போது தெரியாது. திரும்பி வருவோமா என்று தெரியாமலே ஏறினார்கள்.

கரையோரப் பூங்காவில் ஒப்புரவுக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட, 150 இடங்கள் அமைத்திருந்தார்கள். எல்லாம் போர்த்துகல் சிறைக்கைதிகள் செய்த மரவேலை. இன்று காலை திருத்தந்தையே வந்து மூவரின் பாவசங்கீர்த்தனம் கேட்டார். எனக்கு வாய்த்தவர் ஒரு வயதான கோவா சாமியார். வழக்கமான பட்டியலை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் சரி. நீ யாருக்காக உன் நேரத்தை விட்டுக்கொடுத்தாய்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஓரம் சரியாக இழைக்கப்படாத பலகை ஒன்றில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். சிறாம்பு ஏறியது.

பரிகாரமாக, லூக்கா முதல் அதிகாரத்தை 39-ஆம் வசனத்திலிருந்து 56 வரை மெதுவாக வாசிக்கச் சொன்னார். இந்த ஆண்டின் மையக்கருத்தே அந்த 39-ஆம் வசனம்தான்: 'மரியா புறப்பட்டு விரைந்து சென்றார்.' பதாகை, தொப்பி, பாடல் எல்லாவற்றிலும் இருக்கிறது. 56-ஆம் வசனத்தைத்தான் எந்தத் தொப்பியிலும் போடவில்லை: ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தார். உறவினரான வயதான கர்ப்பிணி எலிசபெத்தின் வீட்டில் மூன்று மாதம் என்றால் தண்ணீர் சுமப்பது, மாவரைப்பது, துணி துவைப்பது. நாம் பாடும் மரியாவின் புகழ்ச்சிப் பாடல் முதல் நாளே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் வேலை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு, தேஜோ பூங்கா

நேற்று வெயிலில் நடந்து வந்து, பாயை விரித்து இடம் பிடித்தோம். 15 லட்சம் பேர் என்றார்கள். கழிப்பறை வரிசையைப் பார்த்தால் நம்பலாம். இரவுத் திருவிழிப்பு வழிபாட்டில் திருத்தந்தை சொன்னதில் ஒன்று நின்றுவிட்டது: கீழே விழுந்தவரைத் தூக்கிவிடும்போது மட்டும்தான் ஒருவரை மேலிருந்து பார்க்கலாம். பிறகு நற்கருணை ஆராதனை. அத்தனை பேரும் மண்ணில் முழந்தாளிட்டு, ஒரு சத்தமும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. இதற்கு மேல் எழுதினால் பொய்யாகிவிடும்.

இன்று ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. மலைமேல் இயேசு ஒளிமயமாகத் தோன்றியபோது அங்கேயே கூடாரம் போடச் சீடர் பேதுருவுக்கு ஆசை. எங்களில் பலர் நேற்றே போட்டுவிட்டிருந்தோம். அடுத்தது 2027-இல் சியோல் என்று அறிவித்ததும் கொரியர்கள் துள்ளிய துள்ளல்!

ஆகஸ்ட் 13, ஞாயிறு, கிருஷ்ணகிரி

பூசைக்குப் பின் அனுபவப் பகிர்வு. "அக்கா, போப்பை எவ்வளவு பக்கத்தில் பார்த்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் திரையில், என்றேன். ஏமாந்து போனார்கள். சியோலுக்கு எவ்வளவு ஆகும் என்பது அடுத்தது.

ஆயா வலி குறைந்திருப்பதாகச் சொல்கிறார். படி ஏறும்போது முகம் வேறு சொல்கிறது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பக்கவாதத்தால் படுத்திருக்கும் பெரியம்மா ஒருவர். மகனும் மருமகளும் ஓசூரில் ஷிப்டு வேலை. ஆலை முடிந்து அங்கே போனேன். செபமாலையை எடுத்ததும் அவர் கையமர்த்தினார். "இதை நான் படுத்துக்கொண்டே நாள் முழுக்கச் சொல்லுவேன். முதலில் அந்தத் தலையணை உறையை மாற்று."

மாற்றினேன். புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தேன். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்த இடத்தில் அவர் முணுமுணுத்தது செபமா வசவா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பெங்களூரிலிருந்து காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் நெடுஞ்சாலையில் வரத் தொடங்கிவிட்டார்கள். 29-ஆம் தேதி கொடியேற்றம். தள்ளுவண்டியில் மாதா சொரூபம், ஒலிபெருக்கியில் பாட்டு. மோரும் எலுமிச்சைச் சாதமும் கொடுத்தோம். ஒரு பையனின் காலில் கொப்புளம் உடைந்து செருப்பு வாரில் ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்துத்தான் பிரிக்க முடிந்தது. கட்டுப் போட்டதும் எழுந்து நடந்துவிட்டான். விமானமோ விசாவோ இல்லாத இவர்களை ஒவ்வோர் ஆண்டும் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மறுபடியும் பெரியம்மா வீடு. களி கிண்டினேன். ஒரு வாய் வாங்கியதும் விழுங்காமல் என்னையே பார்த்தார். "லிஸ்பனெல்லாம் போய் வந்தவள், மாவைக் கட்டியில்லாமல் கரைக்கத் தெரியாதா?"

தட்டை அவர் திருப்பித் தரவில்லை, முழுவதையும் உண்டார். கிளம்பும்போது சொன்னார்: "வெள்ளிக்கிழமை மாதா பிறந்தநாள். பாயசம் வை. வெல்லத்தைக் குறைக்காதே."