கல்லடிக்கு வந்த பழைய பென்ஸ்

போன கிழமை மட்டக்களப்புக் கல்லடியில ஒரு கலியாணம், மாப்பிள்ளை வந்து இறங்கினது பென்ஸ்ட பெரிய காரான எஸ்-கிளாஸ்ல, அதிலயும் டபிள்யூ126 எண்ட பழைய மொடல்ல, எல்லாரும் மாப்பிள்ளையப் பாக்க நான் கார்க் கதவப் பாத்துக்கொண்டு நிண்டன். சாத்தேக்க "டொப்" எண்டு ஒரு கனத்த சத்தம், நம்மட காரெண்டா தகரப் பேணி மாதிரிக் கத்தும்.

126 வந்தது 1979ல. அதுக்கு முந்தின டபிள்யூ116க்குத்தான் 1972ல முதல்முதல் எஸ்-கிளாஸ் எண்டு பேர் வச்சவங்க, எஸ் எண்டா ஜேர்மன்ல ஸோண்டர்கிளாஸ, விசேஷ வகுப்பாம். 1978ல அதிலதான் பொஷ் கம்பனி செஞ்ச ஏபிஎஸ் பிரேக் வந்திச்சு, சடாரெண்டு பிரேக் அடிச்சாலும் சில்லு இறுகி வழுக்காது, விட்டு விட்டுப் பிடிக்கிறதால ஸ்டியரிங் சொல்லுக் கேக்கும், மாரி மழைக்குள்ள பாலத்தால இறங்கிற ஆக்களுக்கு இதின்ட அருமை விளங்கும். எயார்பேக் 126லதான், 1981ல.

மறுகா 1991ல வந்த டபிள்யூ140 ஒரு யானை. ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி, லேசாச் சாத்தினா தானா இழுத்துப் பூட்டிற கதவு. ஆனா என்னைக் கேட்டா அழகு 126தான்.

ட்றைவர் அண்ணன்ட லீட்டருக்கு எவ்வளவு ஓடும் எண்டு கேட்டன். "அத மட்டும் கேக்காத மனே" எண்டுட்டு ஏசியக் கூட்டினார்.