ஏற்காட்டுக் கடைக்கு ஆர்டர் ஆப்: சிக்னலும் தமிழ்ச் சீட்டும்

ஆப் எழுத ஃப்ளட்டர், ஆர்டரைச் சேமிக்க ஃபயர்ஸ்டோர் (கூகுளின் இணையத் தரவுத்தளம்), சமையலறைச் சீட்டுக்கு 58 மி.மீ. புளூடூத் பிரிண்டர். மெனு திரை சுலபம். ஆனால் விலையைப் பைசாவில் முழு எண்ணாகவே வைக்க வேண்டும் (45 ரூபாய் என்றால் 4500). தசமத்தில் வைத்தால் வரித்தொகையைப் பிரிக்கும்போது கணக்கு இடிக்கும். தட்டுவடை செட்டுக்கு ‘காரம் கம்மி’, ‘வெங்காயம் வேண்டாம்’ என்பவை தனி ஐட்டம் அல்ல, ஆர்டர் வரியோடு போகும் குறிப்பு. அந்த வரியிலேயே விலையின் நகலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் இன்று விலை ஏற்றினால் நேற்றைய பில்லும் ஏறிவிடும்.

தலைவலி மலைமேல்தான். கோடை விழாக் கூட்டத்தில் டேட்டா தவழும். ஃபயர்ஸ்டோர் ஆஃப்லைனிலும் எழுதும் என்பது சரி. ஆனால் எழுதச் சொல்லும் நிரல் வரிக்கு முன்னால் அவெயிட் (‘முடியும்வரை காத்திரு’ என்னும் கட்டளை) போட்டால், சர்வர் பதில் வரும்வரை அடுத்த வரிக்கே போகாது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பரிமாறுபவர் மறுபடி தட்டுவார், ஒரே டேபிளுக்கு இரண்டு ஆர்டர். அவெயிட்டை எடுத்தாயிற்று. ஆர்டர் ஐடியும் பட்டனை அழுத்தும்போது அல்ல, டேபிளைத் திறக்கும்போதே உருவாகிறது. எத்தனை முறை தட்டினாலும் அதே ஆவணம்தான். டோக்கன் எண்ணை ட்ரான்ஸாக்‌ஷனில் (சர்வரில் படித்து, மாற்றி, ஒரே மூச்சில் எழுதும் முறை) எடுக்கவும் முடியாது, நெட் இல்லாமல் அது தோற்றுவிடும். எனவே ஒவ்வொரு போனுக்கும் ஓர் எழுத்து: அ-17, ஆ-9.

நெட் இல்லாவிட்டால் சமையலறைப் போனுக்கும் ஆர்டர் எட்டாது. அதனால் பரிமாறுபவரின் போனிலிருந்தே நேராகச் சீட்டு அச்சாகிறது.

இந்த மலிவு பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தாக அனுப்பினால் கிறுக்கல்தான் வரும். சீட்டையே 384 புள்ளி அகலப் படமாக வரைந்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஒரு புள்ளி வரிக்கு 48 பைட்டாக அனுப்ப வேண்டும். முதல் சீட்டு முழுக்கக் கறுப்பு! படம் வரையும் கேன்வாஸின் பின்னணி ஒளிபுகும் நிறம். எண்ணாகப் பார்த்தால் அதுவும் சுழியம், கறுப்பும் சுழியம். முதலில் வெள்ளை அடித்துவிட்டு எழுதினால் சரி. நீளமான சீட்டு பாதியில் கோணிக்கொண்டால் பிரிண்டரின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பிவிட்டது என்று பொருள். 100 புள்ளி வரித் துண்டுகளாக, நடுவே சிறு இடைவெளி விட்டு அனுப்பியதும் அந்தக் கோணல் நின்றது.

பேப்பர் தீர்ந்ததை இது போனுக்குச் சொல்வதில்லை. ஆகவே ‘மறுபடி அச்சிடு’ பட்டன். அந்தச் சீட்டின் தலையில் ‘நகல்’ என்று பெரிதாக வராவிட்டால் மாஸ்டர் இன்னொரு தோசை ஊற்றிவிடுவார்.